சுக்கு மூட்டையில் ஓர் உடற்பயிற்சி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையன்கூட இல்லை. பதினெட்டு வருடம் மட்டாஞ்சேரியில் குப்பை கொட்டிய பிறகும், இந்த ஊரில் ஒரு மூட்டையை யார் தூக்கலாம், யார் தூக்கக் கூடாது என்பதை மறந்துபோன மடையன். ஊரில் இருப்பவர்களும் என்னைப் போலப் பிழைக்க வந்தவர்களும் இதைப் படித்துத் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன், காது மட்டும் சூடாக இருக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் உடம்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். சுள்ளிக்கல் வீட்டிலிருந்து ஃபோர்ட் கொச்சி கடற்கரைவரை தினமும் விடியற்காலையில் வேகநடை. ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ போயிற்று. பெல்ட்டில் நானே ஆணியடித்து இரண்டு ஓட்டை போட்டேன். பெருமையோடு தேனியில் இருக்கும் தங்கைக்குப் படம் அனுப்பினால், "உடம்புக்கு என்னண்ணே?" என்று போனில் அழுகிறாள். அப்புறம் ஒருநாள் கேஸ் சிலிண்டரை நகர்த்தப் போனேன். அசையவில்லை. என் மனைவி செல்வி வந்து, "தள்ளுங்க" என்று ஒரே சாய்ப்பில் அதை உருட்டிக்கொண்டு போனாள். போகிற போக்கில், "நடந்து நடந்து காத்தாடியா ஆயிட்டீங்க" என்றாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஃபிசியோதெரபிப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சேட்டா, நடப்பு மாத்திரம் போரா. வெயிட்டும் எடுக்கணும்" என்றாள். நடையை மட்டும் நம்பி இளைத்தால் கொழுப்போடு தசையும் கரையுமாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கினால்தான் தசை தங்குமாம். ஜிம் ஒன்றை எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் என் வயதில் பாதி, என் தோளைப் போல இரண்டு மடங்கு. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டேன்.

அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. ஜூ டவுன் என்கிற யூதத் தெருப் பக்கம் ஒரு மலைச்சரக்குக் கிடங்கில் நான் எழுத்தர். காலை எட்டு மணிக்குத் திறப்பவன் நான். ஏற்றி இறக்கும் கபீரிக்காவும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் வர ஒன்பதாகும். நடுவில் ஒரு மணி நேரம், என்னைச் சுற்றி இருபது கிலோ சுக்கு மூட்டைகள். ஓசி ஜிம்! பின்சுவரிலிருந்து வாசல்வரை பத்து மூட்டை சுமப்பேன். அடுத்த முறை அதே பத்தைப் பின்சுவருக்கே கொண்டுபோவேன். மூன்றே வாரத்தில் சிலிண்டர் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

இந்த ஊரில் சுமை இறக்குவது சுமைகாரர்களின் உரிமை. அதில் வேறு ஆள் கைவைக்கக் கூடாது. சுள்ளிக்கலுக்குக் குடிவந்த அன்று என் பீரோவை நானே இறக்கிக்கொள்கிறேன் என்று முறுக்கியவன்தான் நான். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பத்துக்காரரான கபீரிக்கா தம் கலவைத் தமிழில், "எனக்கு உள்ளது இந்தப் பணி ஒண்ணுதான் முருகேசா. நீ எழுதுறதை நான் வந்து எழுதினா சம்மதிப்பியா?" என்றார். அன்று பீரோவை அவரிடமே விட்டு ஒதுங்கியவன்தான் இன்று சுக்கு மூட்டையோடு நின்றேன்.

மூட்டைகள் வாசலில் இருந்த ஒரு காலையில் முதலாளி சீக்கிரமாக வந்துவிட்டார். அன்று ஒரு சின்ன வண்டியில் ஏற்றவேண்டிய சரக்கே அந்தப் பத்து மூட்டைதான். "கொள்ளாமல்லோ அண்ணாச்சி! ஒற்றைக்கோ?" என்று, தனி ஆளாகவே சுமந்ததை வியந்து தோளில் தட்டினார். உடற்பயிற்சி என்று சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருடத்தில் அவர் என்னை மெச்சியது அதுதான் முதல் தடவை. பல்லைக் காட்டினேன்.

ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்தார்கள். "செறிய லோடு இனி அண்ணாச்சி நோக்கிக்கொள்ளும். வலியது வரும்போ விளிக்காம்" என்றார் முதலாளி. பெரிய லோடு வந்தால் மட்டும் அவர்களைக் கூப்பிடுவாராம். கபீரிக்கா என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன். வாரத்தில் நான்கு நாள் சின்ன லோடுதான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆறு பேரும் வேலையைத் தொடாமல் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்கள்.

என் அப்பா தேனியில் ஒரு கமிஷன் மண்டியில் மூட்டை தூக்கியவர். அங்கே யாரும் யார் வேலையிலும் கைவைக்கலாம். கணக்குப்பிள்ளை தோள் கொடுத்தால் நல்ல மனுஷன் என்பார்கள். அப்பாவுக்கு முதுகு போனதும், "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்றது மண்டி. அவருக்காக வெளியே உட்கார ஒரு ஆள் இல்லை. இங்கே ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் என்னால். உள்ளே முதலாளி, வெளியே அவர்கள், நிலைப்படியில் நான்.

பதினோரு மணிக்கு உள்ளே போய், "அது எக்சர்சைஸ், முதலாளி" என்றேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்கில் திவசமும் செய்தோ!" என்று, தினமுமே செய்துகொள்ளச் சொன்னார். "இனி ஒரு மூட்டையையும் தொடமாட்டேன்" என்றேன். சிரிப்பு நின்றது. அந்த வேகத்தில், பழையபடி பின்சுவருக்கே கொண்டுபோய்விடலாம் என்று ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினேன். வராந்தாவிலிருந்து கபீரிக்கா, "வைடா அவிடெ!" என்று கத்தினார். வைத்தேன். வண்டிக்காரரும் சரக்கைத் தொடமாட்டேன் என்று பீடி பற்றவைத்துக்கொண்டார். உச்சிவேளையில் முதலாளி இறங்கிவந்து, எல்லாம் பழையபடியே என்று சொன்ன பிறகுதான் ஆறு பேரும் எழுந்தார்கள். பத்து மூட்டை ஏற அவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சாயாக்கடையில் கபீரிக்காவின் பக்கத்தில் போய் நின்றேன். "மூணு வாரமா உங்க வேலையைத் தொட்டுட்டேன் இக்கா. முதலாளி கேட்டப்பவும் வாயைத் திறக்கலை. எங்கப்பாவும் மூட்டை தூக்கினவருதான். நானும் உங்க ஆளுதானே?"

அவர் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "நம்ம ஆளு ஆரும் கூலி இல்லாம வெறுதே மூட்டை எடுக்க மாட்டான்."