மௌன ஜெபத்தில் வந்த குரல்

பெட்டிக்குள் இருந்த பழைய ரெக்கார்டிங் என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? சொல்லுங்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சொல்லி, வேலையே போக இருந்தது. ஆனால் இது என் காதால் கேட்டது. ராத்திரியும் இல்லை, சுடுகாடும் இல்லை. பட்டப்பகல். மதியம் பன்னிரண்டு.

திருவையாறு போகிற ரோட்டில் ஒரு உரக்கடை மாடியில்தான் எங்கள் எஃப்.எம். ஏறுவதற்கு வெளியே இரும்புப் படி. நாற்று நடவு நேரத்தில் உர விளம்பரம், ஆடி வந்தால் நகைக்கடை விளம்பரம், நடுவில் சிங்கப்பூரிலும் குவைத்திலும் இருக்கிற வீட்டுக்காரர்களுக்காகப் பெண்கள் போன் போட்டுக் கேட்கிற பாட்டு. முதலாளி தியாகேசன் சார் மகனோடு இருக்கச் சிங்கப்பூர் கிளம்பினார். போகும்போது ஸ்டேஷனை ஒரு கிறிஸ்தவ ஜெப ஊழியக் குழுவுக்கு விற்றுவிட்டார். பழைய ஆட்கள் எல்லோரும் போய்விட, கன்ட்ரோல் ரூம் தெரிந்தவன் என்று என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நானே சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

புது மேனேஜர் கிளாட்சன் சார் மதியம் ஒரு நிமிடம் மௌன ஜெபம் வைத்தார். ரேடியோவில் மௌனம்! வேண்டாம் சார் என்றேன்.

"ஜெனித், நீ ஆர்.சி. கோயில் பையன். மணி அடிச்சாத்தான் உனக்கு ஜெபம். கொஞ்சம் சும்மா இருந்து பழகு" என்று சிரித்தார்.

நான் பயந்தது வேறு விஷயத்துக்கு. ரேடியோவில் சத்தம் நின்றால் ஸ்டேஷன் படுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்காகவே ஒரு பெட்டி உண்டு. அரை நிமிடம் சத்தம் வராவிட்டால், தனக்குள் பதிந்திருப்பதைத் தானாகவே போட்டுவிடும். ஜெபம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

நினைத்த மாதிரியே நடந்தது. முதல் நாள் மௌனத்தின் நடுவில் ஒரு ஆண் குரல்.

"நேயர்களே, ஒரு நிமிஷம் இருங்க. இதோ வந்துடுறேன்."

நான் அதுவரை கேட்டே இராத குரல். எதிரே டீக்கடை வைத்திருக்கிற தங்கம்மாள் அக்கா ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். அது துரைராசு குரல் என்றார். என் சீட்டில் முன்பு இருந்தவராம். தினமும் மதியம் நீளமாக ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, டீ குடிக்கக் கீழே வருவாராம். ஒருநாள் ரோட்டைத் தாண்டும்போது வைக்கோல் லாரி...

திரும்பிப் போகவே இல்லையாம்.

சரி, அவர் பேசியதைப் பெட்டியில் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அழிக்கலாம் என்றால் பாஸ்வேர்ட் தியாகேசன் சாரிடம். மெசேஜ் போட்டேன். பதில் இல்லை.

கிளாட்சன் சாரிடம் அதைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. பழைய ஆள் நான் ஒருவன்தான். கன்ட்ரோல் ரூம் சாவியும் என்னிடம்தான். ஜெபத்தைக் கேலி செய்ய நானே போடுகிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். இன்னொரு தடவை வந்தால் கிளம்பிவிடு என்றார்.

மறுநாள் வந்தது. அதே குரல், அதே வார்த்தை. ஆனால் பின்னால் ஏதோ சத்தம்... ரெக்கார்டிங் என்றால் எப்போதும் ஒரே மாதிரிதானே இருக்க வேண்டும்? முதல் நாள் அந்தச் சத்தம் இல்லை. லாரி ஹாரன். ரோட்டுச் சத்தம்.

நான் கெஞ்சினேன். "சார், நாளைக்கு நீங்களே உள்ள வந்து உக்காருங்க. என் கை எங்க இருக்குன்னு பாருங்க. அப்புறம் போகச் சொன்னா போயிடுறேன்."

வந்தார். பெட்டியின் ஒயரையெல்லாம் தன் கையாலேயே பிடுங்கினார். பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னைச் சுவர் ஓரமாக நிற்கச் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு. மௌனம் ஆரம்பித்தது.

ஒன்றும் இல்லை. "பாத்தியா?" என்பது போல அவர் என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது ஸ்பீக்கரில்...

டங்... டங்...

செருப்புக்கால் இரும்புப் படியில் ஏறுகிற சத்தம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை.

டங்... டங்...

நின்றது.

மூச்சு வாங்குகிற சத்தம்.

டக். மேஜையில் கண்ணாடி டம்ளர் வைக்கிற மாதிரி.

"நேயர்களே... வந்துட்டேன்."

கிளாட்சன் சார் பாய்ந்து ஒரு பாட்டைத் தட்டிவிட்டார். மடியில் இருந்த பெட்டி கீழே விழுந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மைக் மேஜையைப் பார்த்தோம்.

ஈரமாக ஒரு வட்டம். டீ டம்ளர் அளவுக்கு.

கிளாட்சன் சார் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையைப் பாக்கெட்டில் வைக்க மனமில்லாமல் குப்பைக்கூடையில் போட்டார். "நீ இருப்பா, வேலைய பாரு" என்றார். அன்று முதல் மௌன ஜெபத்துக்குப் பின்னால் மெல்லிசாகக் கீபோர்டு இசை ஓடுகிறது. ஸ்டேஷனில் ஒரு வினாடிகூடச் சத்தம் நிற்பதில்லை.

அடுத்த வாரம் தியாகேசன் சார் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தார். துரைராசு பேசியதை எப்போது சார் பெட்டியில் பதிந்தீர்கள் என்று கேட்டேன்.

"துரைராசு பேசினதா? தம்பி, அவன் போன அன்னைக்கு பாட்டு முடிஞ்சு ஸ்டேஷன் ரொம்ப நேரம் ஊமையா கெடந்துச்சு. அதனாலதான் அந்தப் பெட்டியையே வாங்கினேன். அதுல இருக்கிறது வெறும் வீணைதான்பா."

வேலை பிழைத்தது. இன்றைக்கும் அதே சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் துரைராசு அந்தக் கடைசி நாள் 'வந்துடுறேன்' என்று சொல்லவில்லை... 'வந்துட்டேன்' என்றார். அதற்கப்புறம் என்ன சொல்ல வந்தார்? அதைக் கேட்கத்தான் நாங்கள் விடவே இல்லையே.

கீபோர்டை நிறுத்துகிற பட்டன் என் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரே ஒரு நாள், அந்த ஒரு நிமிடத்தை அப்படியே விட்டுப் பார்க்கட்டுமா? நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?