ஆமா போட ஆளில்லாத வில்லுப்பாட்டு

அருமனை விக்டோரியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள், அவருடைய மருமகள் எந்த ஊர், மாமியாரோடு ஒத்துப்போகிறாளா என்பதுவரை கேட்டு முடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட பெண்ணை, பி.ஏ. பரீட்சை எழுதிய கையோடு, 1955 கோடையில் நாகர்கோவில் கலைச் சேகரிப்பு நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்த்தார்கள் என்றால், சேர்த்தவர்களுக்கு நல்ல தைரியம்தான்!

வில்லுப்பாட்டு, களியல், கூத்து எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து வைப்பது அங்கே வேலை. கோடை முடிந்ததும் ஓர் ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அந்த ஆள் தானாக இருக்க வேண்டும் என்று விக்டோரியாவுக்கு அப்படி ஓர் ஆசை. மெஷின் சுற்றும்போது வரும் இரைச்சல்கூட அவளுக்குப் பிடித்திருந்தது. "ஏட்டி, பாட்டு கேக்கதும் ஒரு சோலியா?" என்று அம்மா நம்பவே இல்லை.

அதிகாரி நேசையன் சாருக்கு ஒரே சட்டம்தான். "டேப் ஓடும்போ மூச்சு விடுத சத்தம்கூட கேக்கப்பிடாது. கேட்டா அன்னைக்கே வீட்டுக்குப் போவலாம்." முன்பு ஒருவன் தும்மினான். போனவன் போனவன்தான்.

வைகாசியில் கிருஷ்ணமணிப் புலவர் வில்லோடு வந்து சேர்ந்தார். கோயில்களில் கொடைத் திருவிழா நடக்கும் காலம்; குழுவில் மற்றவர்கள் எல்லாம் வேறு ஊர்களில் மாட்டிக்கொண்டார்கள். கூட வந்தவர் குடம் அடிக்கும் நாராயணபெருமாள் மட்டும். அவருக்கோ முந்தின நாள்தான் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. கன்னம் பணியாரம் மாதிரி உப்பி, வாய் நிறையப் பஞ்சு. குடம் அடிக்கக் கைதானே வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டார், மனுஷன்!

டேப் ஓடியது. புலவர் வீசுகோலால் நாணைத் தட்டி, வணக்கம் பாடி, கதைக்குள் நுழைந்தார். "அப்படி அந்த ராசகுமாரி ஆத்துக்குத் தண்ணி கோர வந்தா..." ராசகுமாரி எதற்குத் தண்ணீர் கோர வந்தாள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட வேண்டும். போட்டால்தான் வில்லுப்பாட்டு நகரும். நாராயணபெருமாள் பெரிதாகத் தலையை ஆட்டினார். தலையாட்டல் டேப்பில் விழுமா? "தண்ணி கோர வந்தா..." என்று புலவர் மறுபடியும் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் தலையாட்டல்தான். பாவம், புலவரின் முகம் தொங்கிவிட்டது. கைவசம் இருந்ததே அந்த ஒரு டேப்தான். சாயங்கால பஸ்ஸில் அவர் மயிலாடிக் கொடைக்குப் போயாகவும் வேண்டும்.

விக்டோரியா நேசையன் சாரைப் பார்த்தாள். சார் உதட்டில் விரலை வைத்தார். வாய் திறந்தால் வேலை போய்விடும், அது நிச்சயம். ஆனால் ஒரு மனுஷன் கதையை வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல் முழிக்கிறாரே! அவளால் தாங்க முடியவில்லை.

"ஆமா!" என்றாள்.

புலவர் நிமிர்ந்தார். "வந்தவ அக்கரையிலே யாரைக் கண்டா?"

"யாரைக் கண்டா?"

"குதிரைக்காரன் ஒருத்தனைக் கண்டா!"

"ஆமா! ஆளு எப்படி?"

அவ்வளவுதான். கோல் துள்ளியது, குடம் முழங்கியது. அம்மன் கொடையில் பாடுவதைப் போலப் புலவர் பாடித் தள்ளிவிட்டார். ராசகுமாரி கல்யாணத்துக்கு விக்டோரியா குலவையே போட்டாள்.

டேப் முடிந்த பிறகு அவள் மெல்ல சாரிடம் போனாள். "சாரே, நான்..."

"மிண்டாத இரி," என்று அவள் வாயை அடைத்தார் நேசையன் சார். டேப்பைப் பின்னால் சுற்றி, ஓட விட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விக்டோரியா மனதுக்குள் அருமனை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

மெஷினுக்குள் புலவர் சொன்னார்: "அப்படி அந்த ராசகுமாரி ஆத்துக்குத் தண்ணி கோர வந்தா..."

"ஆமா!" என்றார் நேசையன் சார், வாய்விட்டு.

புலவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நாராயணபெருமாள் சிரித்த சிரிப்பில் பஞ்சு தெறித்து விழுந்தது. சாருக்குக் காது சிவந்துபோனது.

"கோடை முடிஞ்சாலும் இந்தச் சோலி உனக்குத்தான் பிள்ளே," என்றார் அவர், மெஷினைப் பார்த்துக்கொண்டே. "ஆனா குலவை போடும்போ மட்டும் மைக்கை விட்டுத் தள்ளி நில்லு. எனக்க காது அடைச்சுப் போச்சு."