கோலத்தில் குறைந்த ஒரு பூ

ரிஷிவந்தியத்தில் ஒரு மறியலைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "சார், நம்ம செல்வராசு போய்ட்டாருங்க" என்றார் எங்கள் பத்திரிகையின் சங்கராபுரம் முகவர். எப்போது, எப்படி என்று கேட்டேன். காலையில், நெஞ்சுவலி. இரண்டையும் எழுதிக்கொண்ட பிறகுதான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பது உறைத்தது.

செல்வராசு எங்கள் புகைப்படக்காரர். கல்வராயன் மலைக்கு நான் செய்திக்காகப் போனபோதெல்லாம் அவருடைய வண்டியின் பின்னால்தான் உட்கார்ந்து போனேன். ஒருமுறை வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் குடிநீர்ப் பிரச்சினை. முந்தைய நாள் மழை பெய்து குடங்களில் தண்ணீர் இருந்தது. படத்துக்காக அவற்றைக் கொட்டிவிட்டு வெறுங்குடத்துடன் வரிசையாக நிற்கும்படி ஊர்ப் பெரியவர் ஒருவர் பெண்களிடம் சொன்னார். செல்வராசு கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார். "கொட்டாதீங்க. நெசமா இல்லாதப்ப வரேன்" என்றார். கோடையில் தனியாகப் போய் எடுத்து வந்தார்.

அவருக்கும் அவர் மனைவி வசந்தாவுக்கும் குழந்தை இல்லை. வீட்டுக்குப் பின்னால் வசந்தா கிர்ணிப்பழக் கொடி போட்டிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் நிறையப் பூத்தது. பிஞ்சுகள் மட்டும் சுண்டைக்காய் அளவிலேயே மஞ்சளாகி உதிர்ந்தன. ஒருநாள் நான் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெண்ணின் குரல் கேட்டது: "அந்தக் கை தண்ணி ஊத்தினா இன்னாத்த காய்க்கும்?" செல்வராசு தம்ளரைக் கீழே வைத்தார். வசந்தா உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் வெள்ளிமலைக்குக் கிளம்ப விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் கோலத்தில் சாணிப் பிள்ளையார்களின் தலையில் கிர்ணிப் பூக்கள் வெயிலில் விரிந்திருந்தன. ஒன்றில் மட்டும் பூ இல்லை. செல்வராசு கொல்லையில் குந்தியிருந்தார், கையில் அந்தப் பூ. இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருந்த மஞ்சள் பொடியை இன்னொரு பூவுக்குள் தடவிக்கொண்டிருந்தார்.

"லென்சுல பார்த்தேன் சார். அடியில குட்டிக் காய் இருக்கறது பொம்பளப் பூ. காய் இல்லாதது ஆம்பளப் பூ, அதோட பொடி பட்டாத்தான் பிஞ்சு நிக்கும். இவ, காய்க்காத பூதானேன்னு அத்தனையும் மொக்காவே கோலத்துக்குப் பறிச்சுடறா. வண்டு வந்து இன்னா பண்ணும், பாவம்?"

"பறிக்க வேண்டாம்னு சொல்லிடலாமே?"

"சொன்னா, அவ கையாலதான் உதிர்ந்துச்சுன்னு ஆயிடும். தெரு பேசினது நெசமாயிடும் சார்."

அதற்குள் வசந்தா வாசலிலிருந்து கூப்பிட்டார். "இன்னிக்கும் ஒரு பூவக் காணோம்ங்க!"

"ஆடு தின்னுட்டுப் போயிருக்கும். கட்டிப் போட்டு வளர்க்கத் தெரியல, ஆடு வளர்க்கறானுங்களாம்!" என்று கத்திவிட்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

மாசியில் காய்கள் பழுத்தன. மண் படாமல் ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டுத்துண்டு வைத்திருந்தார். முதல் பழத்தை வசந்தாவே அறுத்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தார். எதிர்வீட்டுப் பெண் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். "எல்லாம் அவ கைராசி" என்று செல்வராசு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள் போனேன். கொல்லையில் இந்த மார்கழியின் கொடி பூத்துப் படர்ந்து கிடந்தது. வசந்தா என்னை அங்கே கூட்டிப்போனார். பிறகு அவராகவே சொன்னார்: "ஆடு வந்தா ஒரே ஒரு பூவத் தின்னுட்டுப் போவுமா சார்? மூணாம் நாளே பின்னால போய் அவரு பண்றதப் பார்த்துட்டேன். அவரு அவ்ளோ ஆசையா ஆட்டத் திட்டிக்கினு இருந்தாரு. அத எதுக்குக் கெடுக்கணும்? அதுலேருந்து வருசா வருசம் அவருக்குன்னு ஒரு பூ ஜாஸ்தி வெப்பேன்." வாசல் பக்கம் திரும்பி, "அவரு போன அன்னிக்கு வெச்சது மட்டும் எடுக்காம அப்படியே இருந்துச்சு" என்றார்.

செல்வராசை அறிந்தவர்கள் அவருடைய படங்களைச் சொல்வார்கள். ஒரு படத்திலும் அவர் பொய் காட்டியதில்லை என்பார்கள். உண்மைதான். நான் வைத்துக்கொள்வது வேறொன்று: சங்கராபுரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத அந்த ஆடு.