சுவிஸ் மலைக்கு முன்னாலே போன பை

எங்கள் வீட்டில் அதுவரை விமானம் என்றால் பங்கருக்குள் ஓடுவது என்று அர்த்தம். அதில் ஏறிப் போவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது, அண்ணையைச் சுவிஸுக்கு அனுப்புவது என்று முடிவான பிறகுதான். பக்கத்து ஒழுங்கையில் அவருடைய வயதுப் பெடியன் ஒருவனைச் ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அடுத்தது தன் பிள்ளைதான் என்று அம்மாவுக்கு நிச்சயம். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கொழும்பு ஏஜென்சிக்காரரின் ஏற்பாட்டில் அண்ணை அகதி அல்ல, மலை ஏறப் போகும் உல்லாசப் பிரயாணி. எங்கள் பக்கம் மலையே கிடையாது. பெயரில் மலை உள்ள கீரிமலைக்குப் போனாலும் கேணிக்குள் இறங்கத்தான் முடியும். கோப்பாயில் எங்கள் தோட்டத்தில் உயரமான இடம் வரம்பு. இதையெல்லாம் ஏஜென்சிக்காரருக்கு யாரும் சொல்லவில்லை.

தடித்த சப்பாத்து ஒரு சோடி வாங்கினார்கள். புதுச் சப்பாத்தோடு போனால் பிடிபட்டுவிடுவாய் என்று அப்பா சொன்னதால், அண்ணை அதைப் போட்டுக்கொண்டு கிணற்றுத் துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்தார். கத்தரிக்குத் தண்ணீர் பாய்ந்தது, சப்பாத்தும் பழசானது. பின்னேரங்களில் அப்பா பள்ளிக்கூட அட்லஸை மடியில் வைத்துக்கொண்டு விமான நிலைய அதிகாரி ஆவார். ஏன் மலை ஏறுகிறீர் என்று கேட்பார். உச்சியில் நின்று பார்க்க என்பார் அண்ணை. பார்த்துவிட்டு? இறங்க. அப்பா அவரை நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். சிரித்ததற்கு எனக்குக் குட்டு விழும். ஒரு நாள்கூட அண்ணை அந்தச் சோதனையில் சித்தியடையவில்லை.

அம்மாவின் கவலை வேறு. பயண நாள் அட்டமியில் விழுந்தது. அதற்காக விமானத்தை மாற்ற முடியாது என்று ஏஜென்சிக்காரர் கையை விரித்துவிட்டார். அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. நல்ல நேரம் பார்த்துப் பையை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகிவிடும். பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் பழுதில்லை. ஆனால் பை திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் பயணம் சரிவராது.

ஆகவே ஒரு வியாழக்கிழமை காலை சப்பாத்து, கம்பளிச் சட்டை, மிளகாய்த்தூள், பாஸ்போர்ட் எல்லாம் வைத்த பை, கொக்குவிலில் அப்பாவின் தமக்கையான மாமியின் அலுமாரிக்குப் போனது. பாஸ்போர்ட்டையாவது வீட்டில் வைத்திருக்கலாமே என்று அப்பா கேட்டார். பாஸ்போர்ட் போகாத பயணமும் ஒரு பயணமா என்று அம்மா அவருடைய வாயை அடைத்தார். கணக்கின்படி அண்ணை சுவிஸுக்குப் புறப்பட்டுவிட்டார். ஆனால் எங்கள் வீட்டிலேயே இருந்து மூன்று வேளையும் சாப்பிட்டார்.

பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போது கொக்குவில் பக்கம் ஷெல் விழுந்தது. மத்தியானம் அண்ணை கை கழுவிக்கொண்டு சாப்பிட இருக்கிறார், வாசல் படலையில் மாமி வந்து நிற்கிறார். காலில் செருப்பில்லை. உடுத்த சேலையைத் தவிரத் தன் வீட்டிலிருந்து ஒன்றும் எடுத்து வரவில்லை. தலையில் எங்கள் பை.

"பிள்ளையின்ரை பயணச் சாமானெல்லே. ஓடேக்கை இதைத்தான் தூக்கினனான்" என்றார்.

அம்மா ஓடிப்போய்ப் படலையை மறித்துக்கொண்டு நின்றார். "மச்சாள், நீங்கள் வாங்கோ. அதை உள்ளுக்குக் கொண்டு வராதேங்கோ."

மாமி வந்த காலோடு அப்படியே நின்றார். பாஸ்போர்ட் உள்ள பையை ஒழுங்கையில் வைக்கவும் முடியாது. அப்பா முகட்டைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணை கை வைக்காத சோற்றை விட்டு எழும்பி வெளியே போய், மாமியின் தலையிலிருந்து பையை இறக்கித் தன் தோளில் போட்டார்.

"அப்ப நான் இப்பவே வெளிக்கிடுறன். மிச்ச நாளைக் கொழும்பிலை நிண்டு பாக்கிறன். போயிட்டு வாறன், அம்மா."

அப்பா அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா படலையடியிலேயே நின்றார்.

அண்ணை போய்ச் சேர்ந்தார். ஏன் மலை ஏறுகிறீர் என்று அவரை ஒருவரும் கேட்கவேயில்லையாம். அது எங்களுக்குத் தெரியவந்தது எத்தனையோ கிழமைக்குப் பிறகு. அன்றைக்கு மாமியைக் கூட்டிவந்து இருத்தி, அண்ணைக்குப் போட்ட சோற்றை அம்மா அவர் முன்னால் நகர்த்திவைத்தார். மாமி நல்ல பசியோடு சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்து பார்த்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தார்.

"ஒரு வாய் திண்டிட்டுப் போ எண்டு வாய்வரைக்கும் வந்தது, மச்சாள். வெளிக்கிட்ட பிள்ளையைப் பின்னாலை கூப்பிடக்கூடாதெண்டு விட்டிட்டன்."