தாய்மொழி என்ற கட்டம்

வட்டாரக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், முறைப்படி மனு எழுத இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள். சென்ற ஆண்டு கூப்பிட்டவர் சாமளாபுரம் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. அவர் அறையில் ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பக்கத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள்.

"அடுத்த வருசம் ஊருக்கே போறமுங்க," என்றார் அந்தப் பெண். கம்பெனியில் கற்ற தமிழ். "இவளுக்கு ஒடியா எழுத்து ஒண்ணுமே தெரியாதுங்க. எங்க அக்கா பையனை ஊர்ல இப்படித்தான் ஒண்ணாவதுல ஒக்கார வெச்சாங்க. இங்கயே ஒடியா சொல்லிக் குடுப்பீங்களா?"

வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டம் உண்டு என்றேன். சட்டம் உட்கார வைக்கும், வாசிக்க வைக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சிறுபான்மை மொழிக்கு ஆசிரியர் கேட்க வழி இருக்கிறது; பதிவேட்டில் அந்த மொழிப் பிள்ளைகள் போதிய அளவு இருந்தால் போதும். அங்கே ஒடிசாப் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருந்தார்கள். பேனாவைத் திறந்தேன்.

தலைமையாசிரியை சேர்க்கைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். தாய்மொழி என்ற கட்டத்தில், ஒடிசாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, பக்கம் பக்கமாகத் தமிழ்.

"என்ன டீச்சர் இது?"

"நீங்க சொன்னதுதானுங்க ஐயா. வேற மொழி எழுதுனா மேல இருந்து விளக்கம் கேக்கறாங்க, தமிழ்னே போட்டு முடிங்கன்னு மீட்டிங்ல சொன்னீங்க. அப்பறம் அதே பழக்கமாயிருச்சுங்க."

சொன்னேன். விளக்கம் எழுதிச் சலித்துப்போன ஒரு நாளில் சொன்னேன். என் உத்தரவுகளில் முழுமையாக நிறைவேறியது அது ஒன்றுதான்.

திருத்தலாம். பெற்றோர் மனு, ஆதாரச் சான்று, என் நாற்காலியில் இப்போது இருப்பவரின் பரிந்துரை, மாவட்ட அலுவலகத்தின் ஆணை. தாய்மொழிக்குச் சான்று தரும் அலுவலகம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. இவ்வளவும் முடிந்த பிறகே ஆசிரியர் கேட்கும் கோப்பு தொடங்கும்.

"எத்தன நாளாகுமுங்க?"

"ரெண்டு வருசமாவது ஆகும் கண்ணு. சீக்கிரமா நடந்தா."

அந்தப் பெண் தலையாட்டினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"பரவால்லீங்க. ஒண்ணாவதே படிக்கட்டும்."

அதுவரை சுவரில் எழுதியிருந்த பாட்டைத் தனக்குள் வாசித்துக்கொண்டிருந்த சிறுமி திரும்பினாள்.

"நான் மூணாவதுங்க சார். அடுத்து நாலாவதுங்க," என்றாள்.

அம்மா ஒடியாவில் ஏதோ சமாதானம் சொன்னார். சிறுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பெரிய ஆபீசர் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.