இரண்டாவது கரண்டி

போன வாரம் எங்கள் வீட்டுக்கு விருந்து வந்திருந்தது. என் நாத்தனார் மகன், கல்யாணமான கையோடு பெண்ணை டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவைச் சுற்றிக் காட்ட அழைத்து வந்திருந்தான். ஃபிரிஸ்கோவில் சுற்றிக் காட்ட என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். பிரியாணியும் தால்ச்சாவும் செய்திருந்தேன். அந்தப் பெண்ணின் தட்டில் ஒரு கரண்டி சோறு வைத்தேன். கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டு மூடியை மூடினேன்.

"என்ன மாமி, ஒத்தக் கரண்டியோட நிறுத்திட்டீங்க?" என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனாலும் முகம் கொஞ்சம் சுண்டியிருந்தது.

நம் வீடுகளில் ஒற்றைக் கரண்டி பரிமாறுவதில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். வயிறு நிறைந்திருந்தாலும், போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தாலும், விரல் இடுக்கில் நாலு பருக்கையாவது இரண்டாவதாக விழ வேண்டும். கீழக்கரையில் என் உம்மா இதில் மகா பிடிவாதம். ஒற்றைக் கரண்டி வைத்தால் வந்தவரைப் போகச் சொன்ன மாதிரி என்பாள். அந்த வீட்டில் வளர்ந்த கை இது. இருபது வருடமாக இரண்டாவது கரண்டிக்கு எழும்ப மாட்டேன் என்கிறது. புதுப்பெண்ணிடம் அதை எப்படி விளக்குவது? சிரித்து மழுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

இரண்டாயிரத்து நான்கில் நாங்கள் காப்பெல்லில் ஒரு வாடகை அபார்ட்மெண்டில் இருந்தோம். என் கணவருக்கு ப்ராஜெக்ட், எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா, இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை சஃபியா. கன்னம் இரண்டும் உப்பி, தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை வைத்துக் கொழுகொழுவென்று இருப்பாள். அந்த மடிப்புகளில் பவுடர் போடுவதுதான் அப்போது என் முழுநேர உத்தியோகம்.

சஃபியாவின் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் சுகந்தி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஒருநாள் கிளினிக்கில் எங்கள் முறைக்குக் காத்திருந்தபோது, பிளாஸ்கில் கொண்டுபோயிருந்த கஞ்சியைக் குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருந்தேன். நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து, ஒரு சிட்டிகை வெந்தயம், ஒரு பல் பூண்டு போட்டுக் குழைய வேகவைத்தது. டாக்டர் எங்களைக் கடந்து போனவர் திரும்பி வந்தார். குனிந்து பிளாஸ்கை மோந்து பார்த்தார்.

"இதை இன்னொரு பிள்ளைக்கும் செய்து தருவீங்களோ?" என்று கேட்டார்.

அவர் பார்த்துவந்த அந்தப் பிள்ளையின் பெயர் மூமினா. சோமாலியாவிலிருந்து ஓடிவந்து, கென்யாவில் ஓர் அகதி முகாமில் பல வருடம் கிடந்து, அமெரிக்கா ஏற்றுக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகாத குடும்பம். அப்பா முகாமிலேயே இறந்துவிட்டார். அம்மா ஹவாவும் மூமினாவும் மட்டும். ஆஸ்பத்திரியில் வைத்து உயிர் ஆபத்தைத் தாண்ட வைத்து அனுப்பியிருந்தார்கள். டப்பாப் பால் எதுவும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாயில் வைத்தாலே துப்பினாள், உள்ளே போனது வயிற்றுப்போக்காக வெளியே வந்தது. வீட்டுச் சாப்பாடு கொடுத்துப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சம்மதித்திருந்தார்கள். ஹவாவுக்கோ மின்சார அடுப்பைத் தொடவே பயம்.

நான் உடனே சரி என்றேன். சமையல் என்றால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அவர்கள் குடியிருப்பு டாலஸில், ஃப்ரீவேயில் போனால் இருபது நிமிடம். எனக்கு அப்போதுதான் லைசென்ஸ் வந்திருந்தது. ஃப்ரீவே ஏறினால் கண்ணைக் கட்டும். "சர்வீஸ் ரோட்லயே உருட்டிக்கிட்டுப் போனா கஞ்சி ஆறிப்போயிடும்டி" என்று கணவர் கேலி செய்வார். உருட்டிக்கொண்டுதான் போனேன். பின்சீட்டில் ஒருபக்கம் சஃபியா, மறுபக்கம் சீட் பெல்ட் போட்ட கஞ்சிச் சட்டி.

முதல் நாள் மூமினாவைப் பார்த்ததும் நான் சஃபியாவை இறுக்கிக்கொண்டேன். இரண்டரை வயதுப் பிள்ளை, என் ஒன்பது மாதக் குழந்தையைவிடச் சின்னதாக இருந்தாள். தோல் தொளதொளவென்று தொங்கியது. முடி செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவள் அழவில்லை. புதிய ஆள் வந்தால் பிள்ளைகள் பயந்து அழுமே, அதுகூட இல்லை. ஒரு பக்கமாகப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

ஹவா என்னிடம் ஸலாம் சொன்னார். எனக்கும் அவருக்கும் பொதுவாக இருந்த பேச்சு அது ஒன்றுதான். ஸலாம், பிஸ்மில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். என் பெரியம்மா பெயரும் ஹவ்வாதான் என்று சைகையில் சொல்ல ரொம்ப முயன்றேன். நான் எனக்கு வயிறு வலிக்கிறது என்று சொல்வதாக நினைத்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டாக்டர் ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். நீர்க்கக் கஞ்சி, உப்பில்லாமல். இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சமே கொஞ்சம். தாளை வாசித்துவிட்டு, வாயாலும் சொன்னார்: "கூடக் குடுக்கக் கூடாது. கேட்டாலும் குடுக்கக் கூடாது." காலையில் நான் போய்ச் சமைத்து, சாயங்காலம்வரை இருந்து புகட்டுவேன். மிச்ச நேரத்துக்கு ஹவா. நாலு நாள் அப்படியே செய்தேன். மூமினா துப்பவில்லை. நாலாம் நாள் கரண்டியைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள்.

அந்த வாய்தான் என்னைக் கவிழ்த்தது.

ஐந்தாம் நாள் கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக வைத்தேன். தேங்காய்ப்பால் ஊற்றினேன். ஒரு சத்தும் இல்லாத தண்ணீரைக் கொடுத்தால் பிள்ளை எப்போது தேறும் என்று எனக்குள் ஒரு வாதம். அளவு கொடுத்து முடித்ததும் அவள் மறுபடி வாயைத் திறந்தாள். நான் யோசிக்கவே இல்லை. இரண்டாவது கரண்டி தானாகப் போய்விட்டது. அன்று எல்லா வேளையும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் ஹவா என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்போது ரேடியோவை உரக்க வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை டாக்டர் ஃபோன் செய்தார். மூமினாவை ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். ஓயாத வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிறு உப்பி, கால் வீங்கி, மூச்சு வாங்குகிறது.

"எவ்வளவு குடுத்தனீங்கள்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன்.

"ரெண்டாவது கரண்டி போட்டுட்டேன் டாக்டர். எல்லா வேளையும். தேங்காப்பாலும் ஊத்தினேன்."

"பசி வேற, பட்டினி கிடந்த உடம்பு வேற" என்றார். "ஒரேயடியாச் சாப்பாடு போனா அந்த இதயம் தாங்காது. சண்டை நேரம் எங்கட அகதி முகாமில நான் கண்ணால பாத்தனான். சாப்பாடு வராம இருக்கேக்க தாக்குப்பிடிச்ச பிள்ளையள், சாப்பாட்டு லொறி வந்த அண்டைக்குச் செத்துப் போச்சினம்." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரிக்குக் கணவர்தான் கூட்டிப்போனார். மூமினா உடம்பெல்லாம் வயர். ஹவா ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்ப்பாளரை ஃபோனில் பிடித்துக் கொடுத்தார்கள். நான் அந்தக் கருவியில் சொன்னேன்: நான்தான் காரணம், சொன்ன அளவுக்கு மேல் கொடுத்தேன், என்னை மன்னியுங்கள். முகம் தெரியாத ஒருவர் அதை ஹவாவின் மொழியில் சொன்னார். ஹவா கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஏதோ பேசினார். மொழிபெயர்ப்பாளர் என்னிடம், "நாளைக்கும் வருவீர்களா என்று கேட்கிறார்" என்றார்.

பெஞ்சில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். நான் அங்கேயே அழுதேன்.

மூமினா பிழைத்துக்கொண்டாள். எப்படி என்று கேட்டால் டாக்டரிடம் ஒரு பதில் இருக்கும், என்னிடம் வேறு பதில். இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முறை நான் கரண்டியைக் கொண்டுபோகவில்லை. சஃபியாவுக்காக உம்மா பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பிய வெள்ளிப் பாலாடையை எடுத்துப்போனேன். குழந்தைக்கு மருந்து புகட்டும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், தெரியுமல்லவா. டாக்டர் அதில் தண்ணீர் ஊற்றி ஊசிக்குழாயால் அளந்து பார்த்தார். "ஆறு. ஏழாவது இல்லை" என்றார். நானும் ஹவாவும் ஒருவர் எண்ணுவதை ஒருவர் கண்காணித்தோம். நான் தமிழில் எண்ணுவேன், அவர் விரலை மடக்குவார்.

நடுவில் நோன்பு வந்தது. ஹவாவும் நானும் வாயில் தண்ணீர் படாமல் இருந்துகொண்டு அவளுக்கு ஊட்டினோம். உப்புப் பார்க்க முடியாதே என்று முதல் நாள் கவலைப்பட்டேன். அப்புறம்தான் இதில் உப்பே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. அந்த அளவில் இருந்தது என் புத்தி.

ஆறு பாலாடை எட்டாகி, பத்தாகி, கிண்ணமாகியது. பருப்பு கூடியது, எண்ணெய் ஒரு சொட்டு, பிறகு மசித்த முட்டை. டாக்டர் வாராவாரம் வந்து அவள் கையைச் சுற்றி, சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டை போட்ட ஓர் அளவு நாடாவைக் கட்டிப் பார்ப்பார். சிவப்பில் நின்ற அளவு மெல்ல மஞ்சளுக்கு வந்தது. ஒருநாள் சஃபியா தவழ்ந்து போய் மூமினாவின் கிண்ணத்தைப் பிடித்து இழுத்தாள். மூமினா வீடே அதிர ஒரு கத்து கத்தினாள், சஃபியாவின் கையில் ஓர் அடியும் வைத்தாள். நான் பதறிப்போய் டாக்டரைப் பார்த்தேன்.

"விடுங்கோ. கோவம் வருகுது எண்டா பிள்ளை திரும்பி வந்திட்டுது" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வசந்தத்தில் அவர்கள் மினசோட்டாவுக்குக் கிளம்பினார்கள். அங்கே ஹவாவின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வேன் வரும்வரை சாப்பிடலாம் என்று கஞ்சி வைத்திருந்தேன், இந்த முறை உப்பு போட்டு, கொத்துக்கறி போட்டு, எங்கள் ஊர் நோன்புக் கஞ்சியாகவே. டாக்டரும் வந்திருந்தார். மூமினா கிண்ணத்தைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். ஒரு கரண்டி ஊற்றினேன். நின்றபடியே குடித்து முடித்து, கிண்ணத்தை மறுபடி என் முன்னால் நீட்டினாள்.

"போடுங்கோ. இனிப் பயமில்லை" என்றார் டாக்டர்.

போட முடியவில்லை. கரண்டி சட்டிக்குள் இருக்கிறது, கை காம்பைப் பிடித்திருக்கிறது, மேலே வர மறுக்கிறது. மூமினா நீட்டியபடி நின்றாள். ஹவா என் பக்கத்தில் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கரண்டியை வாங்கி ஊற்றினார். பிஸ்மில்லாஹ் என்றார். பாலாடையை நான் அவர் பையில் வைத்தேன்.

அந்தக் குடியிருப்பை எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு பெரிய கடையும் கார் நிறுத்துமிடமும். ஹவா கொடுத்த நம்பர் இரண்டு வருடம் அடித்தது, பிறகு அதுவும் இல்லை. டாக்டர் சுகந்தி டொராண்டோவில் மகனோடு இருக்கிறார். போன வருடம் பேசியபோது பல பெயர்கள் அவருக்கு நினைவில் இல்லை. மூமினா என்றேன். "ஆர் அது?" என்றார். மூமினாவுக்கு இப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். எங்காவது யாருக்காவது சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்.

போன வாரம் அந்தப் புதுப்பெண் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அசையவில்லை என்றதும் தானே எழுந்து மூடியைத் திறந்து, கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். எங்கள் வீட்டில் கரண்டி எப்போதும் சட்டிக்குள்ளேயே கிடக்கும். நீங்கள் வந்தாலும் அப்படித்தான், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் கரண்டி நான் வைப்பேன்.