சைலன்சருக்கும் கார்பன் துணிக்கும் நடுவே

வாசகரே, உங்களை நான் நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சாட்சிக்குக் கண் மட்டும் போதும். நல்லூரில் என் அத்தை வீட்டுக்குப் பின்புறம் இருந்த தகரக் கொட்டகைக்குள் வந்து, மேசைமேல் கிடக்கும் அந்தக் கறுப்பு மூடியைப் பாருங்கள். மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில், சைலன்சர் மேல்நோக்கி வளைந்து செல்லும் இடத்தை ஒட்டிப் பொருத்தப்படும் பேனல் அது. கார்பன் இழையில் நெய்த துணியை ரெசின் என்னும் பசையில் தோய்த்து, அச்சின்மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து, இறுகவிட்டுச் செய்தது. செய்தவர் என் அத்தை மகன்.

அவர் என்னைவிடச் சற்று மூத்தவர். பனியன் கம்பெனி ஒன்றில், துணியின்மேல் படத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டவைக்கும் ஃப்யூசிங் மெஷினில் அவருக்கு வேலை. ஊரெங்கும் மின்வெட்டு தொடங்கியிருந்த காலம் அது. கம்பெனியில் மெஷின் நின்றால் அவர் கொட்டகைக்கு வந்துவிடுவார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டு, பட்டிமன்ற மேடைகளில் பேசிக்கொண்டிருந்தேன். வாதத்தை எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது, எதிரணி விட்ட சொல்லையே எடுத்து எதிரணிமேல் எப்படி வீசுவது என்பதையெல்லாம் முறையாகப் பயின்றவன். அந்தப் பெருமையை இன்றும் நான் குறைத்துச் சொல்வதாக இல்லை.

கொட்டகைக்கு வந்தவர்கள் எவரும் அந்தப் பேனலை வண்டியின் பாகமாகப் பார்த்ததில்லை. துணியாகவே பார்த்தார்கள். விரலால் தடவி, "ட்வில் நெசவுங்களா? நூலு என்ன கவுண்ட்டுங்க?" என்று கேட்டவர் உண்டு. "தண்ணியில போட்டா சுருங்குமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாமே சிரித்தவரும் உண்டு. அத்தைக்கு அது தீராத கேலி.

"வண்டிக்குக்கூடச் சட்டை வந்திருச்சு. எனக்கொரு ரவிக்கைத் துணி எடுத்துக் குடுக்கத்தான் ஊட்ல ஆளில்ல."

கேலிக்கு நடுவே அத்தை மகனின் எதிர்காலம் முழுவதும் அந்த மேசைமேல் கிடந்தது. சோமனூரில் தறி வைத்திருந்த ஒருவரின் மகன், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூர்ப் பக்கம் பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டுபவர், தன் வண்டிக்குக் கார்பன் பேனல் கேட்டிருந்தார். முதலில் செய்து கொடுத்தது சைலன்சர் சூட்டில் மஞ்சளித்துக் கொப்பளம் கொப்பளமாக உப்பித் திரும்பி வந்தது. மேசைமேல் கிடந்த இந்த இரண்டாவது பேனல் தாங்கினால், வண்டி முழுவதற்குமான பாகங்களையும் செய்யும் வேலை அத்தை மகனுக்கு. தம்மோடு ஓட்டுபவர்களிடமும் சொல்வதாகச் சோமனூர்க்காரர் வாக்களித்திருந்தார். அப்படி நடந்தால் ஃப்யூசிங் மெஷினை விட்டுவிடலாம். வண்டியைக் கொட்டகையில் விட்டுச் சென்றபோது அவர் மிகுந்த பணிவோடு சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தடவையும் உப்பீருச்சுன்னா நான் ஃபைபர்கிளாசுக்கே போயிடறனுங்க."

அவர் போனபின் விவாதம் தொடங்கியது. பேனலின் உட்புறம் டெஃப்லான் ஷீட்டை ஒட்டிவிட வேண்டும் என்பது அத்தை மகனின் கட்சி. ஃப்யூசிங் மெஷினின் சூட்டுத் தகட்டுக்கும் பனியனுக்கும் நடுவே விரிக்கும் பழுப்பு நிற ஷீட் அது.

"தெனமும் பாக்கறன் மாப்ள. ஷீட்டு இல்லாம அழுத்துனா பனியன் வீணாப்போயிரும். ஷீட்டு இருந்தா ஒன்னும் ஆவறதில்ல. அப்புறமென்ன?"

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து வாதிடும் பழக்கம் எனக்கு இல்லை.

"மச்சான், அந்த ஷீட்டு சூட்டைத் தடுக்குதுன்னே வெச்சுக்கலாமுங்க. அப்படின்னா அதுக்கு அடியில இருக்கற படம் எப்படிங்க பனியன்ல ஒட்டுது? சூடு போகாமயே ஒட்டுதுங்களா? ஷீட்டு தடுக்கறது ஒட்டறதை. சூட்டை அது வழிவிட்டு அனுப்புது. அனுப்பலைன்னா உங்களுக்கு அங்க வேலையே இல்லீங்க."

அவர் மேசைமேல் கிடந்த பேனலைத் திருப்பி வைத்தார். பிறகு, "இங்க மணி அடிக்க நடுவர் இல்லைன்னு இழுக்காத. உன்ற கட்சி என்ன, அதச் சொல்லு," என்றார்.

என் கட்சி வெள்ளித்தாள். வீரபாண்டிச் சாயப்பட்டறைகளில் நீராவிக் குழாய்களைச் சுற்றிப் பளபளக்குமே, அதே அலுமினியத் தாள். சூடு அதில் பட்டுத் திரும்பிவிடும் என்றேன். அந்தக் குழாயில் தாளுக்கு அடியில் தடிமனாகப் பஞ்சு சுற்றியிருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். பஞ்சு வைக்கச் சைலன்சர் அருகே இடமில்லை என்பதை நான் எடுத்துக் காட்டினேன். வாதம் அங்கே நின்றுவிட்டது.

பேனலைப் பணயம் வைக்க அவர் ஒப்பவில்லை. மீந்த துணியில் ஒரு தட்டைத் துண்டு செய்து, பாதியில் டெஃப்லானும் மறுபாதியில் வெள்ளித்தாளும் ஒட்டி, பேனல் வரவேண்டிய இடத்தில் கட்டினோம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டோம். அவர் பாதியில் அவர் கண் வைத்திருந்தார்; என் பாதியில் நான்.

டெஃப்லான் பாதி முதலில் தோற்றது. மேற்பரப்பு மங்கி, மஞ்சள் ஏறி, சிறு கொப்பளம் ஒன்று எழுந்தது. நான் பேச வாய் திறந்தபோது என் பக்கத்துத் தாளின் ஓரம் பசை இளகிச் சுருண்டது. துண்டில் நகத்தை அழுத்திப் பார்த்தேன். பிறை வடிவில் தடம் பதிந்தது. துணி அப்படியே இருந்தது. இழைக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டே அல்ல. இளகியது இழைகளைப் பிடித்திருந்த ரெசின்.

அத்தை சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார்.

"என்றா கருகற வாசம்? அடுப்புல ஒன்னுமில்லியே. யாரு கண்ணு செயிச்சீங்க?"

"ரெண்டு அணியும் தோத்துப்போச்சுங்கத்தை."

"அப்ப மோட்டார் சைக்கிளுக்கு மாலையப் போட்டு அனுப்பீருங்க."

அத்தை மகன் சிரிக்கவில்லை. துண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நாளைக்கு ஃபைபர்கிளாஸ் போடச் சொல்லிவிடலாமா என்று, என்னிடம் கேட்பதுபோல் அல்லாமல், கேட்டார்.

தோல்வியிலும் ஒரு வேறுபாட்டை நிலைநாட்ட விரும்பினேன் நான். வெள்ளித்தாள் பாதி பிந்தித்தான் தோற்றது. டெஃப்லானைவிடத் தாளே மேல் என்பதற்கு மேலும் சான்று வேண்டி, ரிஜெக்ட் என்று மூலையில் போட்டிருந்த முதல் பேனலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். எங்கும் கொப்பளம். கீழ் ஓரத்தில் மட்டும் உள்ளங்கையளவு இடம், செய்த அன்று இருந்ததுபோல் கறுப்பாக மின்னியது. அச்சில் நேர்ந்த பிசகால் அந்த இடம் வெளிப்பக்கமாக வீங்கியிருந்தது. அவர் வெட்கப்பட்டுக்கொண்டே இருந்த பிழை அது. வண்டியில் பொருத்திப் பார்த்தேன். மற்ற இடங்களில் பேனல் குழாயை ஏறக்குறைய உரசியது. வீங்கிய இடத்தில் மட்டும் நடுவே என் விரல் நுழைந்தது.

நான் தேடிய சான்று என் கட்சிக்கும் உதவவில்லை, அவர் கட்சிக்கும் உதவவில்லை. அவர் எழுந்து வந்து தம் விரலையும் நுழைத்துப் பார்த்தார்.

"ஒட்டறதே தப்பு மாப்ள. எதை ஒட்டுனாலும் தப்பு. நடுவுல காத்துப் போகோணும்."

மறுநாள் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைக் குழாயின் வளைவுக்கேற்ப வளைத்தார். அதைப் பேனலில் பொருத்தவில்லை. சிறு இரும்புக் குழாய்த் துண்டுகளை இடையில் கொடுத்து, சைலன்சரோடு கிளாம்ப் போட்டு நிறுத்தினார். குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. தகட்டுக்கும் பேனலுக்கும் நடுவே இன்னோர் இடைவெளி. முன்பக்கம் நுழையும் காற்று பின்பக்கம் வெளியேறும்படி இரு முனைகளையும் திறந்துவிட்டார். பேனல் ஏறும் போல்ட்டுகளுக்கு ரப்பர் புஷ் என்னும் வளையங்களை வைத்து அதை இன்னும் சற்று வெளியே தள்ளினார். அவர் பிடிக்கச் சொன்னதை நான் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தடத்தின் ஓரத்தில் இருவரும் நின்றோம். வெயில் கடுமையாக இருந்தது. சோமனூர்க்காரர் சுற்றிச் சுற்றி ஓட்டினார். ஒவ்வொரு முறை எங்களைக் கடக்கும்போதும் அத்தை மகன் வண்டியின் வேகத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் கறுப்பு நிறம் மாறுகிறதா என்று பார்த்தார். கடைசியில் வண்டி வந்து நின்றது. சோமனூர்க்காரர் கையுறையைக் கழற்றிப் பேனலின்மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"வெயில்ல நிறுத்துன வண்டி மாதிரித்தானுங்க இருக்குது," என்றார். பிறகு குனிந்து உட்புறம் பார்த்தார். "மத்ததும் நீங்களே பண்ணீருங்க. மொதல்ல இஞ்சினுக்கு அடியில வர்ற கவர்."

திரும்பி வரும் பேருந்தில் அருகருகே உட்கார்ந்தோம். அவிநாசி தாண்டியபின் அத்தை மகன் சொன்னார்:

"சூப்பர்வைசர்கிட்டச் சொல்லீட்டன் மாப்ள, மாசக் கடைசியோட நின்னுக்கறன்னு. நேத்தே சொல்லீட்டன்."

"பேனல் தாங்குமான்னு தெரியறதுக்கு முந்தியேவாங்க?"

"ஆமா. இப்ப அந்த அடிக் கவரை நெனச்சாத்தான் பயமா இருக்குது. இஞ்சின்ல இருந்து வர்ற குழாய் மொத்தமும் அதுக்குள்ளதான் வளையுது. காத்துக்கு எங்க எடம்? உப்பிப்போனா திரும்பிப் போக மெஷினும் இல்ல."

நான் எழுந்து நின்றேன். பேருந்து குலுங்கியதால் மேல்கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னிருக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குப் புதிதல்ல. எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னேன்:

"உங்க கொட்டகைய உட்டு வெளிய போற ஒவ்வொரு பேனலுக்கும் நான் எதிரணியில நின்னு பேசறனுங்க மச்சான். அது எங்க உப்பும், எங்க இளகும்னு வண்டியில ஏறறதுக்கு முந்தியே சொல்லிச் சொல்லிக் கொல்லுவன். என்னைய நீங்க தோக்கடிச்சப்புறந்தான் அது வண்டியில ஏறோணும்."